வீட்டு மின்சாரமும் நம் கைவேலையும்

மின்சாரம் புகாத அறை இன்று நம் வீடுகளில் அரிது. கூடத்தில் விசிறி, அடுக்களையில் மிக்ஸியும் கிரைண்டரும், குளியலறையில் ஹீட்டர், கொல்லையில் கிணற்று மோட்டார் என எங்கும் அது நமக்கு ஊழியம் செய்துகொண்டிருக்கிறது. இவற்றுள் ஒன்று பழுதுபட்டால், தக்க தொழிலாளியைத் தேடிப்பிடித்து, அவர் வருவதாகச் சொன்ன நாளில் வாராதொழிய, மறுபடியும் ஆளனுப்பிக் காத்திருக்கும் தொல்லை யாவரும் அறிந்ததே. ஆதலால், ஒரு திருப்புளியையும் ஒரு சுருள் டேப்பையும் கையிலெடுத்து, செல்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, நாமே அவ்வேலையை முடித்துவிடலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. தன் வேலையைத் தானே செய்துகொள்வது பழிக்கத்தக்கதன்று, சிறப்புடையதே. ஓர் ஆணி அடிப்பதற்குத் தச்சரை அழைப்பாரைக் கண்டால் நாம் நகைப்போம் அல்லவா?

ஆயினும், ஏனைய கைவேலைகளுக்கு இல்லாத ஓர் இயல்பு மின்சார வேலைக்கு உண்டு. குழம்பில் உப்பு மிகுந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும். கதவைக் கோணலாய் மாட்டினால் அது நிலையில் உரசி முனகும். குழாயைச் சரியாய் முடுக்காவிட்டால் நீர் ஒழுகித் தரையை நனைக்கும். இவ்வேலைகளிலெல்லாம் தவறு தன்னைத்தானே வெளிப்படுத்திக்கொள்கிறது. மின்கம்பியோ அங்ஙனம் செய்வதில்லை. தவறாக இணைத்தாலும் விளக்கு எரியும், விசிறி சுழலும், வெந்நீர் கொதிக்கும். வேலை செய்தவர் மனமகிழ்ந்து திருப்புளியைப் பெட்டியில் வைத்துவிடுவார். தவறு சுவருக்குள் பேசாமல் காத்திருக்கும். இச்செய்தி ஒன்றனையே இங்குச் சிறிது விரித்து எழுத விரும்புகிறேன். பிறரைக் குறைகூறும் பொருட்டு எழுதுகிறேனல்லேன். குற்றவாளிகளில் முதல்வன் நானே.

பல ஆண்டுகளுக்கு முன், பௌதிகம் கற்பிக்கும் பணியில் அமர்ந்த புதிதில், எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு விளக்கு வேண்டியிருந்தது. ஓமின் விதியை நாள்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவனுக்கு ஒரு விளக்கு மாட்டத் தெரியாதா என்னும் செருக்கு எனக்கு. முன்னறையிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, நடுவே ஒரு ஸ்விட்சை வைத்து, ஹோல்டரில் பல்பை மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன், எரிந்தது. மீண்டும் தட்டினேன்; அணைந்தது. இதைவிட வேறு சான்று யாது வேண்டும்? ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவ்விளக்கு ஒரு குறையுமின்றி எரிந்தது. பின்னர் ஒரு பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வந்த முதியவர் ஒருவர், விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே ஏணியில் ஏறி, ஒரு கையை ஈரச் சுவரில் ஊன்றி, மறு கையிலிருந்த நனைந்த துணியால் ஹோல்டரில் தெறித்திருந்த சுண்ணாம்பைத் துடைத்தார். அடுத்த நொடியில் ஏணியும் அவரும் கீழே கிடந்தனர். இறையருளால் மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு தப்பினார். நான் ஓடிச் சென்று தூக்கியபோது அவர் என்னைக் கோபிக்கவில்லை. "லைட்டு அணைஞ்சுதானே ஐயா இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அன்று நான் அதற்கு விடை கூறவில்லை.

விடை மிக எளியது. நம் வீட்டுக்குள் வரும் இரண்டு கம்பிகளுள் ஒன்றனைப் பேஸ் என்றும், மற்றொன்றனை நியூட்ரல் என்றும் வழங்குகிறோம். நியூட்ரல் கம்பி தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரில் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆதலின் அதற்கும் நாம் நிற்கும் தரைக்கும் இடையே அழுத்த வேற்றுமை பெரும்பாலும் இராது. பேஸ் கம்பிக்கும் தரைக்கும் இடையிலோ 230 வோல்ட் உளது. அதுவும் ஒருவகைச் சராசரிக் கணக்கே. விநாடிக்கு 50 முறை அலைபோல் ஏறியிறங்கும் அவ்வழுத்தம் உச்சத்தில் 325 வோல்ட்டை எட்டுகிறது. விளக்கு எரிவதற்கு இவ்விரு கம்பிகளும் அதன் இரு முனைகளைச் சேரவேண்டும், அவ்வளவே. ஸ்விட்ச் எந்தக் கம்பியை அறுத்தாலும் சுற்று அறுபட்டு விளக்கு அணையும். பேஸ் கம்பியை அறுப்பதாயின், அணைத்தபின் ஹோல்டரில் மின்சாரம் இராது. நியூட்ரலை அறுப்பதாயின், பேஸ் ஹோல்டர்வரையில் வந்து, அப்பால் செல்ல வழியின்றி நிற்கும். ஈரக் கையால் அதனைத் தொட்டு, மறு கையால் ஈரச் சுவரையோ தரையையோ தொடுகின்ற மனிதனே அவ்வழியாகிறான். விளக்கைப் பொறுத்தவரை இவ்விரண்டு இணைப்புக்கும் வேற்றுமை இல்லை. நான் ஸ்விட்சை நியூட்ரலில் வைத்திருந்தேன்.

மனித உடலுக்குத் தீங்கு செய்வது அதனூடே ஓடும் மின்னோட்டத்தின் அளவும், ஓடும் வழியும், ஓடும் நேரமுமாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராயிருந்த சார்லஸ் டால்ஜியல் என்பார், தாமே முன்வந்தவர்களின் கையில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, எவ்வளவு வரையில் ஒருவன் தன் விருப்பப்படி பிடியை விடமுடியும் என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்பது அவர் கண்ட அளவு. ஒரு மில்லி ஆம்பியராவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்திலொரு பங்கு. அவ்வளவைக் கடந்தால் தசைகள் இறுகி, கை தானே கம்பியைப் பற்றிக்கொள்ளும். "ஷாக் அடித்தால் கையை உதறிவிடலாம்" என்போர் இதனைக் கருதவேண்டும். உதறுவதற்குக் கை நம் வசத்தில் இராது. மேலும் மிகுந்து மார்பின் வழியே ஓடினால் மூச்சுக்குரிய தசைகள் விறைக்கும். இருதயம் தன் தாளத்தை இழந்து வீணே துடிதுடிக்கும். அந்நிலையில் இரத்தம் மூளைக்குச் செல்லாது.

இவ்வளவுகளை வீட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பழைய 40 வாட் பல்பு ஒன்று எரிவதற்கு ஏறக்குறைய 174 மில்லி ஆம்பியர் வேண்டும். அஃதாவது, ஒரு மங்கலான விளக்கை எரிக்கும் மின்னோட்டம், மனிதன் பிடியை விடமாட்டாமற் செய்யும் அளவுக்குப் பத்து மடங்கிற்கும் மேற்பட்டது. நனைந்த உடலின் தடை ஓராயிரம் ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் அவ்வுடலில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். "வெறும் லைட் கம்பிதானே" என்னும் பேச்சுக்குப் பொருளில்லை. மேலும், 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5000 மில்லி ஆம்பியரைத் தாராளமாய்ப் போகவிடுவது. ஒருவனைக் கொல்லும் மின்னோட்டம் அதற்குக் கொசுக்கடிக்கும் ஈடாகாது. பியூஸ் கம்பியைக் காக்க ஏற்பட்டதேயன்றி மனிதனைக் காக்க ஏற்பட்டதன்று. இன்றைய எம்.சி.பி.யும் அத்தகையதே.

கம்பியைக் காக்கும் அக்காவலையும் நாம் கெடுத்துவிடுகிறோம். பழைய வீடுகளில் பீங்கான் பியூஸ் கட்டைகள் இன்னும் உள்ளன. 5 ஆம்பியருக்குரிய பியூஸ் கம்பி 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய இழை. 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர். இரவில் பியூஸ் போனதும், கைக்கு அகப்பட்ட ஒயரை உரித்து, அதன் செம்பிழைகளில் நாலைந்தை முறுக்கிக் கட்டிவிடுவார் பலர். அதன்பின் அந்தப் பியூஸ் போவதே இல்லை. "நான் கட்டிய பியூஸ் பத்து வருஷமாய்ப் போகவில்லை" என்று பெருமை பேசிய ஒருவரை நான் அறிவேன்! இனிப் பழுது நேர்ந்தால் உருகப்போவது பியூஸன்று. சுவருக்குள் ஓடும் ஒயர். அடிக்கடி விழுகிறதென்று 10 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றி 32 ஆம்பியரை மாட்டுவதும் இதுவே. நாய் குரைத்து உறக்கம் கெடுகிறதென்று நாயை விரட்டிவிட்டு உறங்குவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இனி, யாவரும் அற்பமென்று எண்ணும் ஒன்று, கம்பியோடு கம்பியை இணைத்தல். இரண்டு முனைகளை உரித்து, முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்டால் வேலை தீர்ந்தது என்பது பொதுவான எண்ணம். வீட்டில் தீப்பற்றுதற்கு இத்தகைய தளர்ந்த இணைப்புக்களே பெருங்காரணங்களுள் ஒன்று. மின்னோட்டத்தால் கம்பியில் பிறக்கும் வெப்பம், அக்கம்பியின் தடைக்கும் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் ஏற்றதாய் இருக்குமென்று ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1840ஆம் ஆண்டளவில் காட்டினார். 2000 வாட் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது இழுப்பது ஏறத்தாழ 8.7 ஆம்பியர். நன்றாய் முடுக்கிய இணைப்பின் தடை ஓம் ஒன்றில் நூற்றிலொரு பங்கு எனினும், அங்குப் பிறக்கும் வெப்பம் ஒரு வாட்டும் ஆகாது. இணைப்புத் தளர்ந்து, செம்பு கறுத்து, தடை அரை ஓம் ஆயிற்று எனக் கொள்க. அப்பொழுது அவ்விடத்தில் 35 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் பிறக்கிறது. கல்லூரிச் சோதனைச்சாலையில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் கோல் பெரும்பாலும் 25 வாட்தான். அத்தகைய கோல் ஒன்றைக் கொதிக்கக் கொதிக்க ஸ்விட்சுப் பலகைக்குள் வைத்து மூடிவிட்டு நாம் உறங்கப் போகிறோம்.

இதில் வியப்பானது வேறொன்று உளது. ஹீட்டரின் சொந்தத் தடை 26 ஓம். அதனோடு அரை ஓம் கூடினால் நீர் சூடேறுவதில் நமக்கு ஒரு மாறுதலும் தெரியாது. பியூஸோ எம்.சி.பி.யோ இதனைத் தடுக்காதா எனின், தடுக்காது. தடை கூடினால் மின்னோட்டம் குறையுமேயன்றி மிகாது. மிகுதி கண்டால் அறுக்கும் காவலன் இங்கு முன்னிலும் அமைதியாயிருப்பான். எனவே நீரும் கொதிக்கும், பியூஸும் நிற்கும், இணைப்பும் உள்ளே கருகிக்கொண்டிருக்கும். கருகக் கருகத் தடை வளரும். தடை வளர வெப்பம் வளரும்.

இணைப்புத் தளர்வதற்குக் காரணங்கள் பல. வேலை நடக்கும்போது செம்பு சூடேறி விரிகிறது, நின்றபின் சுருங்குகிறது, நாள்தோறும் இங்ஙனம் நிகழச் சரியாய் முடுக்காத திருகு மெல்ல இளகும். பழகாத கை, ஒயரை உரிக்கும்போது ஏழிழைகளில் மூன்றை அறுத்துவிடும். சில வேளை மேலுறையையும் சேர்த்துத் திருகின்கீழ் நசுக்கிவிடுவதுண்டு. அலுமினியக் கம்பியைச் செம்போடு முறுக்கினால் கேடு இன்னும் விரைவில் வரும். பேசாத இத்தவறு பேசும் ஓரிரு சொற்கள் உண்டு. அவற்றைக் கேட்கத் தவறலாகாது. பிளக்கைக் கழற்றும்போது பின்கள் சுடுதல், சாக்கெட்டின் முகம் பழுப்பேறுதல், விளக்கு காரணமின்றிச் சிமிட்டுதல், எரிந்த மீன் போன்ற ஒரு நாற்றம் ஆகியவையே அச்சொற்கள். நாற்றம் வந்ததும் எலி செத்துக் கிடக்கிறதென்று அலமாரிக்குப் பின்னே தேடுவோர் முதலில் ஸ்விட்சுப் பலகையைத் தொட்டுப் பார்க்க.

மூன்றாவது கம்பியாகிய எர்த்தின் கதை இதனினும் விசித்திரமானது. எல்லாம் ஒழுங்காயிருக்கும்வரை அக்கம்பியில் ஒன்றும் ஓடுவதில்லை. ஆகவே அதனை அறுத்துவிட்டாலும் எக்கருவியும் நிற்காது. மும்முனைப் பிளக்கின் எர்த் பின்னைச் சற்று நீளமாயும் பருமனாயும் செய்திருப்பது அழகுக்கன்று. செருகும்போது அஃதே முதலில் சேரவும், கழற்றும்போது கடைசியில் பிரியவும், வேறு துளையில் நுழையாதிருக்கவுமே அங்ஙனம் செய்தனர். நாமோ இருதுளைச் சாக்கெட்டில் செருகுவதற்காக அப்பின்னைக் கழற்றி எறிகிறோம். அல்லது பிளக்கே இல்லாமல் இரண்டு ஒயர்களைத் துளைகளில் திணித்துத் தீக்குச்சியால் இறுக்குகிறோம். கிரைண்டர் அரைக்கத்தான் செய்கிறது. என்றோ ஒருநாள் உள்ளே உறை தேய்ந்து, பேஸ் கம்பி அதன் இரும்புடலைத் தொடும். எர்த் இருந்திருந்தால் அக்கணமே பெருமின்னோட்டம் நிலத்திற்கு ஓடிப் பியூஸை அறுத்திருக்கும். இல்லாமையால் கிரைண்டர் முழுதும் 230 வோல்ட்டில் நின்று, மாவை வழிக்கவரும் ஈரக்கையை எதிர்பார்த்திருக்கும்.

மின்சார ஆராய்ச்சியில் உயிர்நீத்தோருள் முதல்வராக எண்ணப்படுபவர் எர்த் இன்மையாலேயே மாண்டார். 1753ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மான் என்னும் பௌதிகப் பேராசிரியர், இடியின் மின்சாரத்தை அளக்க விரும்பித் தம் வீட்டுக் கூரையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை அறைக்குள் கொண்டுவந்து, அதன் முனையில் ஓர் அளவுகருவியை அமைத்திருந்தார். மின்சாரம் நிலத்திற்கு ஓடிவிட்டால் அளக்கமுடியாது என்பதற்காகக் கம்பியை நிலத்தோடு சேர்க்கவில்லை. ஆகஸ்டு 6ஆம் நாள், இடிமுழக்கம் கேட்டு, விஞ்ஞானக் கழகத்துக் கூட்டத்தினின்றும் வீட்டுக்கு விரைந்து, கருவியைக் குனிந்து பார்த்தார். கம்பியிலிருந்து தீப்பொறி பாய்ந்து நெற்றியில் தாக்க, அங்கேயே இறந்தார். படம் வரைய உடன்வந்த செதுக்கு ஓவியர் மயங்கி விழுந்து பிழைத்தார். மின்சாரத்தை அந்நாளில் அவரினும் நன்கறிந்தோர் உலகில் சிலரே. அறிவு மட்டும் காவாது என்பதற்கு என்னைப் போன்ற பௌதிக ஆசிரியர்கள் இவரை நினைவில் வைத்தல் தகும்.

எர்த் இல்லாத வீட்டில் அதனை உண்டாக்கப் பலர் இரண்டு குறுக்குவழிகளைக் கையாள்கின்றனர். ஒன்று, தண்ணீர்க் குழாயில் கம்பியைக் கட்டுதல். இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று குழாய்கள் பிளாஸ்டிக்காக மாறிவிட்டமையால், அக்கம்பி நிலத்தைச் சேராது. மேலே எஞ்சியுள்ள இரும்புக் குழாயையும் பித்தளைத் திருகையும் மட்டும் மின்சாரம் பாய்ந்தவையாக்கும். மற்றொன்று, சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் துளையை நியூட்ரலோடு சேர்த்துவிடுதல். இது முன்னதினும் கொடியது. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், கருவியின் வழியே வந்த பேஸ் அவ்விணைப்பின் மூலம் கருவியின் உடலுக்கே திரும்பிவிடும். பழுதில்லாத கருவியும் அப்போது கொல்லும்.

முறையாய்த் தோண்டிய எர்த் குழியும் வேனிலில் ஏமாற்றக்கூடும். மண் வறண்டு அதன் தடை 20 ஓம் ஆயிற்றென்றால், பழுதான கருவியிலிருந்து நிலத்திற்கு ஓடுவது 11 ஆம்பியரே. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. இக்குறையை நீக்குவதே ஆர்.சி.சி.பி. என்னும் சிறு கருவி. அது பேஸில் சென்ற மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பியதையும் இடைவிடாது ஒப்பிடுகிறது. இடையே 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், யார் உடலிலோ சுவரிலோ அது கசிகிறதென்று கொண்டு, விநாடியில் ஒரு சிறு பின்னத்திற்குள் இணைப்பை அறுத்துவிடும். மேலே கூறிய டால்ஜியலே 1961இல் இத்தகைய கருவியை அமைத்தார். இதனிலும் ஓர் எல்லை உண்டு. ஒருவன் பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் பற்றினால், சென்றதும் திரும்பியதும் ஒன்றாகவே இருக்கும். கருவி அவனை ஒரு விளக்கென்றே எண்ணும். அக்கருவியின் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொரு முறை அழுத்திப் பார்ப்பது நலம். வீட்டில் அப்பொத்தான் எதற்கென்று அறியாதோரே மிகுதி.

காணொளிகளைப் பார்த்துக் கற்போருக்கு நிறத்தைப்பற்றி ஒரு சொல். நம் நாட்டு வீடுகளில் நெடுங்காலமாகச் சிவப்பைப் பேஸுக்கும், கறுப்பை நியூட்ரலுக்கும், பச்சையை எர்த்துக்கும் கொள்வது வழக்கம். அமெரிக்காவிலோ கறுப்பு பேஸ், வெள்ளையே நியூட்ரல். இன்று வாங்கும் பல கருவிகளின் ஒயரில் பழுப்பு பேஸாகவும், நீலம் நியூட்ரலாகவும், மஞ்சட்கோடிட்ட பச்சை எர்த்தாகவும் இருக்கும். அதே நீலம் நம் மூன்று பேஸ் இணைப்பில் ஒரு பேஸின் நிறம்! அமெரிக்கர் ஒருவர் "கறுப்பை ஸ்விட்சில் மாட்டுக" என்று தம் நாட்டுக்குச் சரியாய்ச் சொல்வதை நம்மவர் கேட்டு நடந்தால், ஸ்விட்ச் நியூட்ரலில் அமைந்துவிடும். அன்றியும், சிவப்பு ஒயர் தீர்ந்துபோனபடியால் மிச்சமிருந்த பச்சையையே பேஸாக இழுத்துவிட்டுப் போன புண்ணியவான்களும் உண்டு. சுவரைத் திறக்கும்வரை அது தெரியாது.

"நான் மெயினை அணைத்துவிட்டேன், இனி என்ன அச்சம்?" என்று கேட்கலாம். மெயினை அணைப்பது மிக நன்று. ஆனால் இக்காலத்தில் அது மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்த மாத்திரத்தில், மின்தடை வந்ததென்று எண்ணி, அது தன் பாட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டைக் குறிப்பிட்ட கம்பிகளுக்கு அளிக்கத் தொடங்கும். கூரையில் சூரியத் தகடுகள் இருப்பின், வெயிலுள்ளவரை அவற்றிலிருந்து இறங்கும் கம்பிகளில் மின்சாரம் இருந்தே தீரும். அதை அணைக்க ஸ்விட்ச் இல்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை என்பதும் முழுச் சான்றன்று. அதனுள் இருக்கும் சிறு நியான் விளக்கு நம் உடலின் வழியே மிக நுண்ணிய மின்னோட்டம் நிலத்திற்குச் சென்றாலன்றி எரியாது. உலர்ந்த மரமுக்காலியின்மேல் நிற்பவனுக்கும், வெயிலில் பார்ப்பவனுக்கும் அது ஏமாற்றுதல் உண்டு. பழகிய தொழிலாளர் டெஸ்டரை முதலில் மின்சாரமுள்ள ஓரிடத்தில் வைத்து எரியக் காண்பர். பிறகு வேலை செய்யுமிடத்தில் வைப்பர். பின்னும் ஒருமுறை முதலிடத்தில் வைத்து, டெஸ்டர் நலமாயுள்ளதா என்று பார்ப்பர். முதலில் வைப்பதையே மறக்கும் நமக்கு மூன்றாவது நினைவுக்கு வருமா?

இதுகாறும் சொன்னவற்றில் தீங்கு நம் வீட்டளவில் நிற்பது. ஜெனரேட்டரின் தவறோ வீட்டைக் கடந்து செல்லும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் காவிரிக் கீழ்நாட்டைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் ஆயிரமாயிரமாய்ச் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய காலங்களில் வாடகை ஜெனரேட்டரைக் கொணர்ந்து, இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒயர் ஒன்றால் அதனைக் கூடத்துச் சாக்கெட்டில் செருகிவிடும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் உண்டு. மெயினை அணைக்க மறந்தால், அம்மின்சாரம் வீட்டைவிட்டுத் தெருக்கம்பியில் ஏறும். டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு அளிப்பது. அதனைப் பின்புறமாய் இயக்கினால், நம் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி மேல்கம்பிக்குக் கொடுக்கும். அறுந்த கம்பியைச் செப்பனிட மழையில் ஏறி நிற்கும் லைன்மேன், தம் பக்கத்தில் இணைப்பை அறுத்துவிட்டோம் என்னும் நம்பிக்கையில் கைவைப்பார். எந்த வீட்டு ஜெனரேட்டர் அது என்று அவர் அறியமாட்டார், அவ்வீட்டாரும் அறியமாட்டார்கள். ஜெனரேட்டரும் தெருக்கம்பியும் ஒருகாலும் சேராதபடி செய்யும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சைத் தொழிலறிந்தவர் பொருத்துவதே இதற்கு வழி.

அங்ஙனமாயின் வீட்டுக்காரன் ஒன்றும் தொடலாகாதா? இதற்குச் சட்டமே நடுநிலையான விடை அளித்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, மின்னமைப்பின் திறனையும் தன்மையையும் மாற்றாத வகையில் விளக்கு, விசிறி, பியூஸ், ஸ்விட்ச் முதலியவற்றிற்குப் பதிலாகப் புதியதை வைத்தலை விலக்கிவிட்டு, மற்றைப் புதுவேலை, மாற்றம், பழுதுபார்த்தல் யாவும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராலும் தகுதிச் சான்றுடையார் மேற்பார்வையிலுமே நடைபெறவேண்டும் என்றது. பின்னர் 2010இலும் 2023இலும் வந்த ஒழுங்குவிதிகளும் இக்கருத்தையே கொண்டன. இப்பிரிவினை எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. பல்பு மாற்றலாம், அதே அளவுள்ள பியூஸ் இழையைக் கட்டலாம், மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, சோதித்துப் பார்த்தபின், உடைந்த ஸ்விட்சின் இடத்தில் அத்தகைய வேறொன்றை வைக்கலாம். புதிதாய் ஒரு கம்பியை இழுக்க எண்ணும் இடத்தில் நிறுத்திக்கொள்ளவேண்டும். என் திண்ணை விளக்கு அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்யவேண்டுவதையும் கூறிவிடுகிறேன். கம்பியோடு ஒட்டிக்கொண்டவரைத் தொடலாகாது. தொட்டவரும் அவரோடு சேர்ந்து ஒட்டிக்கொள்வார். முதலில் மெயினை அணைக்க. அஃது எட்டாவிடில், உலர்ந்த பலகையின்மேல் நின்று, உலர்ந்த மரக்கோலால் கம்பியைத் தள்ளுக. இது வீட்டு மின்சாரத்திற்கு மட்டுமே பொருந்தும். தெருவில் அறுந்து விழுந்த கம்பியை அணுகவே கூடாது. மூச்சும் அசைவும் இல்லையெனில், 108க்குச் சொல்லச் செய்து, மார்பின் நடுவே இரு உள்ளங்கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் விடாது அழுத்துக. இம்முறை பிறந்த வரலாறே மின்சாரத்தோடு தொடர்புடையது. லைன்மேன்கள் பலர் இறப்பதைக் கண்டு கவலையுற்ற அமெரிக்க மின்சாரக் கம்பெனிகளின் பொருளுதவியால், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து மின்பொறியியலறிஞர் கௌவன்ஹோவன் இருதயத்தைப்பற்றி ஆராயலானார். அவரும் அவர்தம் இரு துணைவரும் 1960இல் வெளியிட்ட கட்டுரையே மார்பை அழுத்தும் முறையை உலகெங்கும் பரப்பிற்று.

திண்ணையில் நடந்தது நடந்தபின், உரிமம் பெற்ற ஒயர்மேன் ஒருவரை அழைத்து, வீடு முழுதும் பார்க்கச் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. ஸ்விட்சைப் பேஸுக்கு மாற்றினார். நான் முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்பைத் திறந்து காட்டினார். உள்ளே டேப் உருகிச் செம்பு கன்னங்கறேலென்று இருந்தது. குளியலறைச் சாக்கெட்டில் எர்த் கம்பி எங்குமே சேராமல் சுவருக்குள் சுருண்டு கிடந்தது. அது என் வேலையன்று, எனக்கு முன்னிருந்த யாரோ ஒருவருடையது. மாலைக்குள் ஆர்.சி.சி.பி.யும் ஏறியது. வெள்ளையடிக்க வந்த முதியவருக்குக் கட்டு அவிழ்த்தபின் அவர் வீட்டுக்குச் சென்று, அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையை, தரையில் கரியால் இரு கோடுகள் கிழித்துக் காட்டிச் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டார். அடுத்த பொங்கலுக்கும் அவரே வந்தார். ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, "மெயினை அணைச்சிட்டு வாங்க ஐயா, நான் நிக்கிறேன்" என்றார்.